எஸ்எஃப்சி சரிசெய்யாத சிஸ்டம் கோப்புகள்: ரீஇன்ஸ்டால்தான் வழியா?

கேள்வி: விண்டோஸ் 10. சிஸ்டம் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை மூன்று முறை ஓட்டியும், பழுதான சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்றே சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ரீஇன்ஸ்டால் வேண்டாம். எஸ்எஃப்சி நல்ல பிரதியை விண்டோஸ் தன் கோப்புகளின் பிரதிகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டரிலிருந்துதான் எடுக்கிறது. அதுவே கெட்டிருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் பலனில்லை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து அந்த ஃபோல்டரைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையை ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரீஸ்டோர்ஹெல்த் சுவிட்சுகளோடு (DISM /Online /Cleanup-Image /RestoreHealth) கொடுங்கள். கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கும், நெட் இருக்கட்டும். 62.3 சதவீதத்தில் நெடுநேரம் நிற்கலாம், பயந்து மூடிவிடாதீர்கள். முடிந்ததும் மறுபடி எஸ்எஃப்சி.

கேட்டவர்: 0எக்ஸ்800எஃப்081எஃப் பிழை வருதுங்க.

பதில்: மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். உங்கள் பதிப்பு, மொழி இரண்டும் ஒத்த ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) மவுண்ட் செய்து, அதன் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால்.விம் கோப்பை சோர்ஸ் சுவிட்சில் காட்டுங்கள், கூடவே லிமிட்ஆக்சஸ் (விண்டோஸ் அப்டேட்டில் தேடாமலிருக்க). பலரும் சறுக்குவது, அந்தக் கோப்புக்குள் எந்த எடிஷன் என்று காட்டும் இன்டெக்ஸ் எண்ணில்தான்: ஹோமுக்கு ஒன்று, புரோவுக்கு வேறொன்று. கெட்-விம்இன்ஃபோ ஓட்டிப் பார்த்துப் போடுங்கள். மீடியா கிரியேஷன் டூலில் இறக்கியதென்றால் கோப்பு விம்முக்குப் பதில் இஎஸ்டியாக (இன்னும் சுருக்கிய வடிவம்) இருக்கும். சோர்ஸ் சுவிட்சில் பாதையின் முன்னால் வரும் விம் (wim:) என்பதையும் இஎஸ்டி (esd:) என்று மாற்றணும்.

இன்னொரு பதில்: தனி டிஎல்எல் (ஒருவகை சிஸ்டம் கோப்பு) தரும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம், வைரஸ் வரலாம். எந்தக் கோப்பு கெட்டது என்பது விண்டோஸின் பதிவுக் கோப்பான சிபிஎஸ்.லாக்கில் (CBS.log) எஸ்ஆர் [SR] குறியுள்ள வரிகளில் இருக்கும். சரிசெய்த பிறகும் திரும்பக் கெட்டால் சிக்கல் டிஸ்க்கிலோ ரேமிலோ இருக்கலாம்; முதலில் டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk) ஓட்டுங்க.