சப்போரோவில முதல் பனிக்காலம்: எப்பிடிச் சமாளிக்கிறது?

வெள்ளவத்தைப் பெடியன்:
ஒக்டோபரில படிப்புக்கு யப்பானில இருக்கிற சப்போரோ போறன். நான் கண்ட பெரிய குளிர் நுவரெலியாதான். அங்க வருசத்துக்கு 5 மீற்றர் பனி கொட்டுமாம். அம்மாவுக்கு நித்திரையே இல்லை. பனிக்காலம் முழுக்க அறைக்குள்ளயே கிடக்க வேணுமோ? இருந்த ஆக்கள் சொல்லுங்கோ.

பம்பலப்பிட்டி அக்கா:
தம்பி, நான் நாலு வருசம் அங்க இருந்தனான். முதல்ல அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ: 5 மீற்றர் எண்டது விழுறதின்ர மொத்தக் கணக்கு. அமுங்கி, உருகி, பெப்ரவரியில நிலத்தில கிடக்கிறது ஒரு மீற்றர் அளவுதான். சைபீரியாக் காத்து யப்பான் கடலைத் தாண்டேக்க ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்க கொட்டுது. வீட்டுக்குள்ள குளிராது. இரட்டை யன்னல், ஹீட்டர், உள்ள ரீசேட்டோட இருக்கலாம்.

பயப்பிட வேண்டியது குளிருக்கில்லை, வழுக்கலுக்கு. சந்திகளிலதான் மோசம். வாகனச் சில்லு தேய்ச்சுத் தேய்ச்சுப் பனி கண்ணாடி மாதிரி மினுங்கும். முதல் கிழமையே நான் முட்டைப் பையோட விழுந்து கை வீங்கிப் போச்சு. பக்கத்து வீட்டு அம்மாதான் நடக்கப் பழக்கினவ: முழுப் பாதத்தையும் ஒண்டாப் பதிச்சு, சின்னச் சின்ன அடியா, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ச்சு. சந்திகளில மணல் பை வைச்ச பெட்டி இருக்கும், ஆரும் எடுத்துத் தூவலாம். நீங்களும் தூவுங்கோ, பின்னால வாறவருக்கு உதவும்.

நடக்கப் பழகினா அறைக்குள்ள கிடக்க மனம் வராது. நான் இருந்தது ட்ராம் ஓடுற வீதி. விடியக்காலமையில மூங்கில் தூரிகை பூட்டின வண்டி தண்டவாளத்தைக் கூட்டிக்கொண்டு போகும். பனி ரெண்டு பக்கமும் புகை மாதிரி எழும்பும். அது போன பிறகு அப்பிடியொரு அமைதி! விழுந்த பனி சத்தத்தையும் உறிஞ்சிப்போடும். அந்த நேரம் கறுப்புக் கோட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிண்டு பாருங்கோ. ஒவ்வொரு துகளுக்கும் ஆறு கை, வெறுங்கண்ணுக்கே தெரியும்.

பெப்ரவரியில ஓடோரிப் பூங்காவில பனிச்சிற்ப விழா. 1950இல தொடங்கினது. பகலில சிற்பத்தில உளி போன தடம் தெரியும், இரவில வெளிச்சத்தில வடிவு. ரெண்டு தரமும் போங்கோ. விறைச்சா நிலத்துக்குக் கீழால சப்போரோ ரயில் ஸ்டேசன் வரைக்கும் நடக்கலாம், 2011இல திறந்த பாதை. பிறகு ஒரு சூப் கறி, சூப் மாதிரித் தண்ணியா இருக்கிற அந்த ஊர்க் கறி. எங்கட நாக்குக்கு அதுதான் ஆறுதல்.

தெகிவளை:
அக்கா, சப்பாத்து இங்க வாங்கிறதோ?

பம்பலப்பிட்டி அக்கா:
கோட், சுவெட்டர் இங்க வாங்கலாம். சப்பாத்து அங்கதான், பனிக்கெண்டு வேற மாதிரி அடி வைச்சு விக்கிறவை. உள்ளுக்குப் பருத்தி வேண்டாம், வேர்த்தா ஈரம் காயாது. கடைக்குள்ள போக முதல் வாசலில பனியைத் தட்டிப்போட்டுப் போங்கோ. விடுமுறைக்கு இங்க வாறதெண்டா தண்ணிக் குழாயை வடிச்சுப்போட்டு வரவேணும், இல்லாட்டி உறைஞ்சு வெடிச்சிடும்.

வெள்ளவத்தைப் பெடியன்:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன் அக்கா. இப்ப அவ கேக்கிறது ஒண்டுதான்: சூப் கறிக்குள்ள சோறு போடுவினமோ, புறம்பாத் தருவினமோ?

பம்பலப்பிட்டி அக்கா:
புறம்பாத்தான். கரண்டியில சோத்தை எடுத்து, சூப்பில தோய்ச்சுச் சாப்பிட வேணும்.