ஐந்தரை அடிப் பையன் ஸ்ட்ரைக்கர் ஆகலாமா? சேத்ரியைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி மாமா எழுதியது:

வணக்கம். எனக்குக் கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. பச்சைத் தேயிலை விலை இந்த வாரம் ஏறுமா இறங்குமா என்பதுதான் நம் கவலை. அக்கா மகனுக்காகக் கேட்கிறேன்.

பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டதும் மைதானம்தான். மூட்டம் இறங்கி எதிர்க் கோல் போஸ்ட் தெரியாமல் போனாலும் வீட்டுக்கு வரமாட்டான். ஐந்தடி ஆறு அங்குலம் இருப்பான். இங்கே பயிற்சி கொடுக்கும் ஒருவர், "உன் உயரத்துக்கு ஸ்ட்ரைக்கர் சரிப்படாது, விங்குக்குப் போ" என்று சொல்லிவிட்டார். ஸ்ட்ரைக்கர் என்றால் நடுவில் முன்னால் நின்று கோல் அடிப்பவன், விங் என்றால் ஓரக்கோட்டுப் பக்கம் ஆடுபவனாம். அன்றிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். நான் ஏதாவது சொன்னால், "சுனில் சேத்ரி என்ன ஆறடியா மாமா?" என்று ஒரே வாயடைப்பு.

இந்திய அணிக்கு ஸ்ட்ரைக்கராக ஆடிய அந்த சேத்ரி நிஜமாகவே எவ்வளவு உயரம்? ஓய்வு பெற்றுவிட்டார் என்று டிவியில் அழுதார்கள், அப்புறம் மறுபடி ஆடினார் என்கிறார்கள், அது என்ன கதை? வெளிநாட்டில் ஆடினாரா? இவன் போர்ச்சுகல் போகப் போகிறானாம். அதற்கு முன்னால் பெங்களூரில் ஏதோ டிரயல்ஸ் இருக்கிறது. அக்கா வேண்டாம் என்கிறாள், மச்சான் "நீயே விசாரித்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

---

மஞ்சூர்க்காரன் எழுதியது:

உயரம் 170 செ.மீ. ஐந்தடி ஏழு. உங்கள் பையனை விட ஒரு அங்குலம் கூட.

ஆனால் சேத்ரியை வைத்துக் கனவு காண வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2024ல் ஓய்வு அறிவித்தபோது, நாட்டுக்காக 94 கோல், அன்று ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோவுக்கும் மெஸ்ஸிக்கும் அடுத்த இடம் என்று போஸ்டர் போட்டார்கள். நேபாளம், மாலத்தீவு, பாகிஸ்தான் மீது எத்தனை போட்டார் என்று யாரும் எண்ணுவதில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, இந்தியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆரம்பத்திலேயே தலைக்கு வந்த பந்தை சேத்ரிதான் வெளியே தட்டினார். அதே மார்ச்சில் குவஹாட்டியில் அவருடைய 150வது ஆட்டம், ஆப்கானிஸ்தானிடம் 1-2. அந்த ஒரு கோலும் பெனால்டி. பெரிய அணி என்று வந்தால் காணாமல் போவார். அவ்வளவுதான்.

---

வெலிங்டன் பழைய ஒன்பது எழுதியது:

மஞ்சூர்த் தம்பி சொன்ன ஆட்டங்களெல்லாம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய அணி என்றால் காணாமல் போவார் என்பது கொஞ்சம் ஓவர். 2011 தோஹா ஆசியக் கோப்பையில் பஹ்ரைன் மீதும் தென்கொரியா மீதும் போட்டிருக்கிறார். இரண்டிலும் நமக்கு நல்ல அடி விழுந்தது, அது வேறு. 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது முதல் இரண்டு கோலும் அவருடையவை. ஒரு ஸ்ட்ரைக்கருக்கு எதிரே யார் நிற்க வேண்டும் என்பதை அட்டவணை போடுகிறவன்தான் முடிவு செய்கிறான். தெற்காசியாவில் பிறந்தவன் தெற்காசியாவோடுதான் நிறைய ஆடுவான்.

சரி, மாமா கேட்ட உயரத்துக்கு வருகிறேன்.

நான் எஸ்டேட் டீமுக்கு ஒன்பதாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கர் சட்டை போட்டு ஆடியவன். அப்புறம் பெங்களூரில் சில வருடம் வேலை. பெங்களூரு எஃப்சி 2013ல் தொடங்கிய கிளப். முதல் சீசன் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் செயற்கைப் புல்லில் ஆடினார்கள், அடுத்த சீசன் கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறினார்கள். கண்டீரவாவில் ஓட்டப்பந்தயத் தடம் சுற்றி ஓடுவதால் ஆட்டம் தள்ளித்தான் தெரியும். அது எனக்கு வசதி. டிவி பந்தின் பின்னாலேயே ஓடும், ஸ்டேடியத்தில் நாம் விரும்பிய ஆளையே பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு சேத்ரியைப் பார்ப்பேன்.

மனுஷன் பாதி நேரம் நடப்பார். டிஃபெண்டரின் கண்ணுக்குப் படாத தோள்பக்கமாக நடந்துகொண்டே இருப்பார். ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை (கிராஸ்) போடப்போகிறவன் தலையைக் குனிகிற நொடியில் டிஃபெண்டர் பந்தைப் பார்க்கத் திரும்புவான் இல்லையா, அந்த நொடியில் இரண்டு எட்டு. அவ்வளவுதான், ஆள் அவனுக்கு முன்னால் இருப்பார். குதித்து ஜெயிக்க வேண்டிய தேவையே வராது, ஏனென்றால் குதிக்க வேண்டியவன் பின்னால் நிற்கிறான்.

2018 மார்ச் 17, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல், பெங்களூருக்கும் சென்னை கிளப்பான சென்னையின் எஃப்சிக்கும். ஒன்பதாவது நிமிடம். உதாந்தா சிங் வலப்பக்கம் பறந்து ஒரு கிராஸ் போட்டார். சேத்ரி பாய்ந்து தலையால் தட்டி கோல். நிற்கிற உயரத்துக்கும் அந்த கோலுக்கும் சம்பந்தமே கிடையாது, பந்து இடுப்பளவில்தான் வந்தது. சுற்றிலும் நீலச் சட்டைகள் ஆடுகின்றன. நான் ஊட்டிக்காரன், மனசு சென்னைப் பக்கம், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சென்னை டிஃபெண்டர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் இரண்டு தலையடி அடித்தார். ஆளும் நெட்டை. முடிவில் சென்னையின் எஃப்சி 3-2 என்று வென்றது. ஆகவே உயரம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்னரில் உயரம் பேசும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது நேரம்தான் பேசும்.

தரையிலும் இதே வித்தைதான். 2019 செப்டம்பரில் ஓமானுக்கு எதிரான ஆட்டத்தில் ஃப்ரீ கிக்கை பிராண்டன் பெர்னாண்டஸ் தூக்கிப் போடாமல் தரையோடு உருட்டினார். எல்லோரும் பந்து மேலே வரும் என்று நிற்க, சேத்ரி மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து ஒரே அடி. கடைசியில் அந்த ஆட்டத்தையும் 1-2 என்று விட்டோம். ஐந்து நாள் கழித்து கத்தாரில் ஆசியச் சாம்பியனை 0-0 என்று நிறுத்தினார்களே, அதில் சேத்ரி ஆடவே இல்லை, காய்ச்சல். மஞ்சூர்த் தம்பிக்கு இதை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்போது விங் விஷயம். பையனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதே 2017-18 சீசனில் பெங்களூருக்கு நடுவில் நின்ற ஸ்ட்ரைக்கர் மிக்கு, வெனிசுவேலாக்காரர். சேத்ரி நிறைய ஆட்டங்களில் இடப்பக்கம்தான். மிக்கு 15 கோல், சேத்ரி 14. இடப்பக்கக் கோட்டில் தொடங்கி, பந்து வலப்பக்கம் இருக்கும்போது ஃபார் போஸ்டுக்கு, அதாவது பந்துக்கு எட்டத்தில் இருக்கும் கோல் கம்பத்துக்கு, நழுவி வந்துவிடுவார். அவரை யார் பிடிப்பது என்று ஓரத்து டிஃபெண்டரும் நடு டிஃபெண்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். உங்கள் ஊர்ப் பயிற்சியாளர் சொன்னது காரணம் தப்பு, இடம் தப்பில்லை.

வெளிநாட்டுக் கதையைக் கேட்டால் பையனுக்குப் பிடிக்காது. 2009ல் லண்டன் கிளப் கியூபிஆர் எடுக்கத் தயாராக இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70க்குள் இல்லை என்று பிரிட்டன் வேலை அனுமதி கொடுக்கவில்லை. 2010ல் அமெரிக்கா, கான்சாஸ் சிட்டி. லீக்கில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2012ல் இவன் சொல்லும் போர்ச்சுகல், ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணி, இரண்டாம் டிவிஷன். அங்கேயும் பெஞ்ச்தான் அதிகம். பாதியில் கோவா சர்ச்சில் பிரதர்ஸுக்குக் கடனாக வந்தார், வந்த சீசனிலேயே அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பை. அடுத்த சீசன் பெங்களூரு, அது புத்தம் புதிய அணி, அதிலும் கோப்பை. பெஞ்சில் உட்கார்ந்து துருப்பிடித்துத் திரும்பிய ஆள் மாதிரியே தெரியவில்லை.

எனக்கு அவர் கோல் கணக்கை விட இன்னொன்று பெரிதாகப் படுகிறது. 2002ல் மோகன் பகானில் தொடங்கினார். அடுத்து பஞ்சாபின் ஜேசிடி, அந்த கிளப்பை 2011ல் மூடியே விட்டார்கள். ஈஸ்ட் பெங்கால். அப்புறம் கோவாவின் டெம்போ, லீக் ஜெயித்தார்கள். அந்த டெம்போ 2016ல் ஐ-லீக்கே வேண்டாம் என்று விலகியது. அமெரிக்காவிலிருந்து வந்து சிராக் யுனைடெட், மறுபடி மோகன் பகான். நம் நாட்டில் ஸ்ட்ரைக்கராக இருப்பது என்றால் கீழே இருக்கும் கிளப் இடிந்து விழும்போது வேறு ஒன்றின் மேல் தாவி நிற்பது. அப்பா ராணுவத்தில் இஎம்இ (மின்னணு, இயந்திரப் பொறியியல்) பிரிவு. வெலிங்டன் பாரக்ஸ் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும். மூன்று வருடத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறி, போன முதல் நாளே டீமில் இடம் பிடிப்பார்கள். அம்மாவும் நேபாளத்துக்காகக் கால்பந்து ஆடியவர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக் கதை சுருக்கமாக: 2005ல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டம், முதல் கோல். 2024 ஜூன் 6ல் கொல்கத்தா சால்ட் லேக்கில் குவைத்துடன் 0-0, விடைபெற்றார். பெங்களூருக்கு ஆடுவதை மட்டும் நிறுத்தவில்லை. 2024-25ல் நாற்பது வயதில் லீக்கில் 14 கோல். இந்தியாவுக்கு வேறு ஆள் கிடைக்காமல் 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள், ஷில்லாங்கில் மாலத்தீவு மீது 95வது கோல். அதுவும் தலையடி.

---

கூடலூர் செவன்ஸ் எழுதியது:

வெலிங்டன் அண்ணா, சிவசக்தியை விட்டுவிட்டீர்களே! சிவகங்கை மாவட்டத்துப் பையன் சிவசக்தி நாராயணன் பெங்களூரில் சேத்ரி பக்கத்தில் ஆடினான். 2022 டூரண்ட் கோப்பை ஃபைனலில் முதல் கோல் அவனுடையது. அந்த சீசன் ஐஎஸ்எல்லில் சேத்ரி பெஞ்சில் இருந்து இறங்க, இவன் முதலிலிருந்து ஆடிய ஆட்டங்கள் உண்டு. 2023 ஃபைனலில் பாவம், தொடங்கிய சில நிமிடத்திலேயே காயம். அவனுக்குப் பதிலாக இறங்கியது சேத்ரிதான். மாமா, உங்கள் பையன் போர்ச்சுகல் பார்ப்பதற்கு முன்னால் காரைக்குடிப் பக்கத்தைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் ஆஃப்சைடு, அதாவது பந்து வருவதற்கு முன்பே டிஃபெண்டர்களைத் தாண்டி நிற்கிற தப்பு, பார்ப்பதில்லை. உங்கள் பையன் அந்த மாதிரி ஆட்டம் ஆடிப் பழகியிருந்தால் டிரயல்ஸில் லைன்ஸ்மேன் கொடி ஏறிக்கொண்டே இருக்கும், போவதற்கு முன் பதினொரு பேர் ஆட்டம் கொஞ்சம் ஆடச் சொல்லுங்கள்.

வழி: ஊட்டி, கூடலூர், மைசூர் வழியாக வந்தால் பந்திப்பூர் காட்டில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பாதையை மூடிவிடுவார்கள். உங்களுக்கு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ரயில் பிடிப்பதுதான் நிம்மதி. முதல் நாளே போய்விடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் அசல் கையில் இருக்கட்டும். தேர்வு செய்துவிட்டோம், பணம் கட்டு என்று எவனாவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி நகையை அடகு வைத்தது.

---

மஞ்சூர்க்காரன் எழுதியது:

கத்தார் ஆட்டத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி அண்ணா 😀 2018ல் மும்பையில் தைவான் மீது ஹாட்ரிக் போட்டுவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து, "வந்து திட்டவாவது செய்யுங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வாருங்கள்" என்கிற மாதிரி வீடியோ போட்டாரே, அடுத்த கென்யா ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்தது. அதற்காக மட்டும் ஒரு மார்க் போடுகிறேன். கோல் கணக்கில் என் கருத்து மாறவில்லை.

---

கோத்தகிரி மாமா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பையனுக்குப் படித்துக் காட்டினேன். கான்சாஸ், போர்ச்சுகல் வந்த இடத்தில் போனைப் பிடுங்கி அவனே இரண்டாவது தடவை படித்தான். மிக்கு 15, சேத்ரி 14 என்பதை மட்டும் நம்பவில்லை, எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான். அக்கா போய்வா என்று சொல்லிவிட்டாள், நானும் கூடப் போக வேண்டுமாம்.

வெலிங்டன் அண்ணா, இரண்டு சந்தேகம். டிரயல்ஸ் செயற்கைப் புல்லில் என்கிறார்கள், இவனிடம் இருப்பது இங்கே சேற்றுக்கு வாங்கிய இரும்பு ஸ்டட் வைத்த ஷூ. அது ஆகுமா? படிவத்தில் பொசிஷன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரா, விங்கா, எதைப் போடுவது? வீட்டில் இதற்கே சண்டை.

---

வெலிங்டன் பழைய ஒன்பது எழுதியது:

இரும்பு ஸ்டட்டோடு செயற்கைப் புல்லில் பெரும்பாலும் இறங்கவே விட மாட்டார்கள், விட்டாலும் முட்டி போய்விடும். ரப்பரில் குட்டிக் குட்டியாக நிறைய ஸ்டட் இருக்கும், டர்ஃப் ஷூ என்று கேட்டு வாங்குங்கள். அன்றைக்குக் காலையில் புதிதாகப் போட வேண்டாம், இப்போதிருந்தே வீட்டு வாசலில் போட்டு நடக்கட்டும், இல்லையென்றால் குதிகால் கொப்பளித்துவிடும். நம் மலையில் ஓடிய பையனுக்கு அங்கே மூச்சு வாங்காது, வெயில்தான் அடிக்கும். தண்ணீர் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டத்தில் இடது விங் என்று போடச் சொல்லுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் இருந்தால் இரண்டாவதில் ஸ்ட்ரைக்கர். ஸ்ட்ரைக்கர் என்று எழுதியவர்கள் அங்கே வரிசையில் நிறையப் பேர் நிற்பார்கள், அதில் பாதி ஆறடி. இறங்கிய பிறகு ஃபார் போஸ்டுக்கு வர வேண்டாம் என்று எந்தப் படிவமும் தடுக்காது.