பண்ருட்டி முந்திரி டொமைன்: விற்பதா, கடை போடுவதா?

கெடிலக்கரை
பண்ருட்டியும் முந்திரியும் சேர்ந்த டாட் காம் இணையதளப் பெயர் (டொமைன்) ஒன்று பல வருடமாக என்னிடம் சும்மா கிடக்கிறது. முழுப் பெயரை இங்கே போடவில்லை. போன வாரம் ஒரு மெயில் வந்தது: "எங்கள் கிளையன்ட் நாற்பதாயிரம் தரத் தயார்." கிளையன்ட் யார் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் ரினியூவல். வந்த காசை வாங்கிப் போடு என்கிறார்கள் வீட்டில். என் அண்ணனுக்குக் காடாம்புலியூரில் பருப்பு வியாபாரம். அந்தப் பெயரில் அவனுக்கு ஆன்லைன் கடை போட்டுக் கொடுக்கலாமா என்று எனக்கு ஆசை. உங்கள் யோசனை என்ன?

மஞ்சக்குப்பத்தான்
விற்றுவிடுங்கள். டொமைன் வாங்கி வைத்திருக்கிற எல்லோருக்கும் வாய்ஸ் டாட் காம் கனவுதான். அது 2019-இல் 3 கோடி டாலருக்குப் போனது உண்மை. ஆனால் அது எந்த நாட்டில் எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற ஒற்றைச் சொல். உங்கள் பெயரை வாங்கக்கூடியவர்களோ பண்ருட்டி வட்டாரத்தில் சில பேர். அவர்களிலும் பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பே போதும். இன்னொன்று, பண்ருட்டியை ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். ரொம்ப முறுக்கினால் வாங்க வந்தவர் இன்னொரு ஸ்பெல்லிங்கை ஆயிரம் சொச்சத்துக்குப் பதிவு செய்துகொண்டு போய்விடுவார்.

முத்தியால்பேட்டை
கேட்காமலே ஒருவன் நாற்பதாயிரம் தருகிறான் என்றால் அதில் அவன் எவ்வளவு பார்ப்பான் என்று யோசியுங்கள். வைத்திருப்பதற்கு என்ன பெரிய செலவு? டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயரைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த வியாபார விலை 2021 வரை வருடத்துக்கு 7.85 டாலர், 2024 செப்டம்பரில்தான் 10.26 ஆனது. கையில் பெயர் இருக்கிறது, அண்ணனிடம் சரக்கு இருக்கிறது. பெயரே பாதி விளம்பரம் சார்!

மஞ்சக்குப்பத்தான்
அதெல்லாம் 2012-க்கு முந்திய கதை. தேடுகிற சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு உள்ளே ஒன்றும் இல்லாத தளங்களை அந்த செப்டம்பரிலேயே கூகுள் கீழே தள்ளிவிட்டது. தவிர, நீங்கள் இணையதளம் என்று சொல்வது உண்மையில் மளிகை வியாபாரம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு, பேக்கிங், கூரியர். ஐப்பசி மழையில் பருப்பு நமுத்துப் போய் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் அந்த போனை யார் எடுப்பது?

முத்தியால்பேட்டை
உள்ளே ஒன்றும் இல்லாத தளம்தானே விழுந்தது? நிறைய எழுதலாமே. டபிள்யூ 320 என்று பாக்கெட்டில் போட்டிருப்பது எத்தனை பேருக்குப் புரிகிறது? ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு, அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 660 முதல் 705. டபிள்யூ 240 என்றால் பருப்பு அதைவிடப் பெரிது. தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், வாங்குபவருக்கு விலை வித்தியாசம் தானாகப் புரியும். அப்புறம் எது நம்ம செம்மண் காட்டுக் கொட்டை, எது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே உடைபடுவது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் எத்தனை முந்திரி மரத்தைச் சாய்த்தது என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதையும் எழுதலாம். பெரிய கடைக்காரர் யாரும் இதையெல்லாம் எழுத மாட்டார்.

துறைமுகத்தான்
இருங்கப்பா. அந்த மெயிலையே யாரும் சந்தேகப்படவில்லையே! கெடிலக்கரை, பதில் போட்டீர்களா? ஏதாவது சான்றிதழ் கேட்டார்களா?

கெடிலக்கரை
ஆமாம் சார். டொமைனுக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டுமாம். செலவை விலையோடு சேர்த்துத் தந்துவிடுவார்களாம். ஒரு லிங்க்கும் வந்திருக்கிறது.

துறைமுகத்தான்
அப்படியென்றால் வாங்க ஆளே இல்லை. பழைய மோசடி இது. சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவர்கள் வருமானம், கட்டியதும் காணாமல் போய்விடுவார்கள். நிஜமாகவே ஆள் வந்தால், பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ தளத்தில் பணம் போடச் சொல்லுங்கள். அந்தத் தளத்தையும் நீங்களே தேடிப் போங்கள், அவர் தரும் லிங்க்கைத் தொட வேண்டாம். பணம் அங்கே வந்தது உறுதியாகும் வரை, பெயர் வேறு இடத்துக்கு மாறாமல் தடுக்கும் லாக்கைத் திறக்கவோ, மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைக் கொடுக்கவோ கூடாது. எதற்கும் முதலில் ரினியூ பண்ணுங்கள். காலாவதியானால் ரிஜிஸ்ட்ரார் தரும் அவகாசத்துக்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதில் தீட்டிவிடுவார்கள். அதுவும் தாண்டினால் 5 நாளில் பெயர் அழிந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மஞ்சக்குப்பத்தான்
நல்ல நேரத்தில் சொன்னீர்கள். ஆனால் இது என் பக்கத்துக்குத்தான் பலம். இத்தனை வருடத்தில் வந்த ஒரே ஆளும் போலி! 'விற்பனைக்கு' என்று ஒரு பக்கம் போட்டு, நியாயமான விலை எழுதி வையுங்கள்.

முத்தியால்பேட்டை
விற்பனைக்கு என்று பலகை தொங்கும் கடையில் யார் வந்து முந்திரி கேட்பார்கள்?

கெடிலக்கரை
அண்ணனிடம் பேசினேன். "இருபது கிலோ ஆர்டர் வந்தால் உட்கார்ந்து பாக்கெட் போடப் போவது யார், நீயா?" என்கிறான். அதனால் இப்போதைக்குக் கடை இல்லை. ஒரு வருடத்துக்கு ரினியூ பண்ணிவிட்டேன். இரண்டு ரகத்தின் போட்டோ, அன்றைய விலை, அவன் போன் நம்பர், ஒரே பக்கம். தீபாவளி வரை பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்
எத்தனை பேர் போன் பண்ணினார்கள் என்று தீபாவளி முடிந்ததும் இங்கேயே சொல்லுங்கள். சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.