மேனேஜரிடம் இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

வணக்கம், ஒரு யோசனை வேண்டும். இந்த வேலைக்கு வந்து 4 வருடம் ஆகிறது, அப்ரைசலில் ஒவ்வொரு முறையும் ‘எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்’ என்ற அதே வரிதான். அடுத்த வாரம் மேனேஜரிடம் தனியாகப் பேச அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பழைய மெயில்களைத் தோண்டி, ஒரு வருடமாகச் செய்ததையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கம் வருகிறது, ஆனால் அதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் திணறிய இடத்தில் போய் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தது, என் பெயரில் எங்குமே பதிவாகவில்லை. அதைச் சொன்னால் புலம்பல் மாதிரி ஆகிவிடுமா? அடுத்த நிலைக்குப் போக என்னிடம் என்ன குறைகிறது என்று நேரடியாகக் கேட்கலாமா, இல்லை முதலில் என் கணிப்பைச் சொல்லிவிட்டு அப்புறம் கேட்பதா? சம்பளப் பேச்சை இதில் கலக்கப் போவதில்லை. மேனேஜராக இருப்பவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.