மறு: [கலைச்சொல்] குவார்ட்டர்பேக் ஓட்டங்கள்: ஸ்கிராம்பிள், ஸ்னீக், ஸ்லைடு...

கயல்விழி எழுதியது:

அன்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி, எறியவோ தோழனிடம் கொடுக்கவோ செய்பவர்) பந்தை எறியாமல் தானே எடுத்துக்கொண்டு ஓடினால் அணிக்கு என்ன ஆதாயம், அவர் உடம்புக்கு என்ன கேடு என்பதுதான் பொருள். 'குவார்ட்டர்பேக்' அப்படியே இருக்கட்டும் என்று இதழாசிரியர் சொல்லிவிட்டார். ஓட்ட வகைகளுக்குத்தான் பெயர் வேண்டும்.

ஸ்கிராம்பிள்: எறிவதற்காகப் பின்வாங்குகிறார், எறியவில்லை, ஓடுகிறார்.
டிசைன்டு ரன்: அவர் ஓடுவதுதான் முதலிலிருந்தே திட்டம்.
ரீட் ஆப்ஷன்: எதிரணியில் ஒருவரைப் பார்த்து, பந்தைத் தோழனிடம் கொடுப்பதா தானே ஓடுவதா என்று அந்த நொடியில் முடிவெடுப்பது.
ஸ்னீக்: ஒரு கெஜம் தேவைப்படும்போது நடுவில் முட்டிப் புகுவது.
ஸ்லைடு: அடி விழுமுன் தரையில் சறுக்கி உட்கார்ந்து அந்த ஆட்டத்துண்டை (பந்து வைத்து ஆடும் ஒருமுறை) நிறுத்திக்கொள்வது.

முதல் இரண்டையும் வெறும் 'ஓட்டம்' என்று எழுத முடியாது. இரண்டின் ஆபத்தும் வேறு என்பதுதான் கட்டுரையின் வாதமே. என் வரைவு: தப்போட்டம், திட்ட ஓட்டம், கண்டோட்டம், நுழைவு, சறுக்கு. திருத்துங்கள்.

*

இளவழகனார் எழுதியது:

'தப்போட்டம்' வேண்டாம், அம்மா. தப்பு என்றதும் இன்றைய வாசகனுக்குப் பிழைதான் நினைவுக்கு வரும். தவறாக ஓடிய ஓட்டம் என்று கொள்வான். உய்தல் என்ற வினை நம்மிடம் உண்டு. 'உய்வோட்டம்' என்க. உய்வு குறளில் உள்ள சொல். உய்தல் தப்பிப் பிழைத்தல், உய்த்தல் செலுத்துதல். தன்வினையில் தானே தப்புகிறான், பிறவினையில் பந்தைச் செலுத்துகிறான். குவார்ட்டர்பேக்கின் இரண்டு தொழிலும் ஒரே வேரில் அடங்குவதைக் கவனியுங்கள்.

குவார்ட்டர்பேக்கையும் அப்படியே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்வரிசைக்குப் பின்னால் கால்பங்கு, அரைப்பங்கு, முழுத் தொலைவு என்று நின்றவர்களுக்கு வைத்த பெயர்கள் அவை. கால், அரை, முழு மூன்றும் நம் கணக்குச் சொற்கள். காற்பின்னர், அரைப்பின்னர், முழுப்பின்னர் என்று வரிசை தானாக அமைகிறது.

*

நிலா எழுதியது:

ஐயா, கால்பந்துக் கட்டுரையில் 'காற்பின்னர்' என்று எழுதினால் பாதத்துக்குப் பின்னால் நிற்பவர் என்றுதான் படிப்பார்கள். 'உய்வு' இன்று பக்தி நூல்களில் மட்டும் புழங்கும் சொல். விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு அது எட்டாது.

'தப்பியோட்டம்' என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் இப்போதே எதிர்க்கிறேன். 'கைதி தப்பியோட்டம்' என்று நாளிதழ்கள் அச்சொல்லைத் தேய்த்துவிட்டன.

*

மாறன் எழுதியது:

சொல்லுக்கு முன் பொருளைச் சரியாகப் பிடிப்போம். ஸ்கிராம்பிள் எல்லாமே தப்பிப்பது அல்ல. பந்து பிடிப்பவர்களைத் தடுப்பாட்டக்காரர்கள் ஆளுக்கு ஆள் துரத்தும்போது அவர்கள் முதுகு குவார்ட்டர்பேக்கைப் பார்த்திருக்கும், நடுக்களம் காலியாகிவிடும். யாரும் அவரை நெருங்கியிருக்கவே மாட்டார்கள். 10 கெஜம் முன்னேற அணிக்குக் கிடைப்பது 4 முயற்சி. 3-ஆம் முயற்சியில் 8 கெஜம் தேவை என்றால் எறிவதைவிட ஓடுவது எளிது, ஓடுகிறார். இதை நிறுத்த எதிரணி ஒருவரை அவரைக் கண்காணிக்க மட்டும் நிறுத்த வேண்டும். அப்போது பந்தெறிதலைத் தடுக்க ஓர் ஆள் குறையும். ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் ஓடாத ஆட்டங்களிலும் அணிக்குக் கிடைக்கும் ஆதாயம் இது.

திட்டமிட்ட ஓட்டத்தின் ஆதாயம் வேறு, அது எண்ணிக்கை சார்ந்தது. பந்தைத் தோழனிடம் கொடுத்துவிட்டுக் குவார்ட்டர்பேக் ஒதுங்கி நின்றால், தடுப்பவர் 11 பேரை மறிக்க 9 பேர்தான் இருப்பார்கள். அவரே ஓடினால் 10 பேர். 2019-இல் லமார் ஜாக்சன் 176 ஓட்டங்களில் 1206 கெஜம் எடுத்ததற்குப் பின்னால் அவர் வேகத்தோடு இந்தக் கணக்கும் இருக்கிறது. ஒரே பருவத்தில் ஓடியே 1000 கெஜத்தைத் தொட்ட முதல் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக், 2006-இல் 1039.

கணக்கேட்டிலும் வேறுபாடு உண்டு. எறியப் பின்வாங்கியவர், பந்து வைத்த கோட்டிலோ அந்தக் கோட்டுக்குப் பின்னாலோ பிடிபட்டால் என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அதைச் 'சாக்' என்று எழுதும். கோட்டைத் தாண்டினால் ஓட்டம். திட்டமிட்டு ஓடியவர் பின்னால் பிடிபட்டால் இழப்போடு கூடிய ஓட்டம். கல்லூரி ஆட்டத்தில் சாக் இழப்பையும் ஓட்டக் கணக்கிலேயே கழிப்பார்கள். ஆக, வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. அவசரம், தப்பித்தல் எதுவும் சொல்லில் வரக்கூடாது. எறிதல் ஓட்டமாக மாறுகிறது, ஆகவே 'மாற்றோட்டம்'.

*

நிலா எழுதியது:

மாற்றோட்டம் என்றால் வேறொரு ஓட்டம் என்றும் படலாம், மாறுதிசை மின்னோட்டமும் நினைவுக்கு வரும். பொருள் துல்லியம், சொல் மங்கல். 'திடீர் ஓட்டம்' போதாதா? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

*

சிவம் எழுதியது (தொறொன்ரோவிலிருந்து):

வணக்கம். எங்கடை பக்கம் கால்பந்தை உதைபந்தாட்டம் என்பதுதான் வழக்கம், அமெரிக்க ஆட்டத்துக்கு அந்தப் பெயர் இன்னும் பொருந்தாது. அதை விடுவம்.

'நுழைவு' சரிவராது, நுழைவுச்சீட்டு, நுழைவுத்தேர்வு என்று அது வேறு வேலையில் இருக்கு. கனேடிய ஆட்டத்தில் 12 பேர், மூன்றே முயற்சிகள். தடுப்பவர்கள் பந்திலிருந்து ஒரு கெஜம் தள்ளித்தான் நிற்க வேணும். ஒரு கெஜம் தேவை என்றால் ஸ்னீக் கிட்டத்தட்ட உறுதி, அதனால் அதற்கென்றே மாற்றுக் குவார்ட்டர்பேக்கை இறக்குவார்கள். அங்கே ஒளிந்து நுழைவது ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் தெரியத் தலையைக் குனிந்து முட்டித் தள்ளுகிறார்கள். நுழைதலை விட்டுத் தள்ளுதலைச் சொல்லுங்கோ.

*

கயல்விழி எழுதியது:

'முண்டு' எப்படி? கூட்டத்தில் முண்டியடிப்பது எல்லோருக்கும் தெரியும். ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணி பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளச் செய்யும் ஸ்னீக்கை 'தள்ளுமுண்டு' எனலாம். அதைத் தடைசெய்ய 2025 மே மாதம் அணி உரிமையாளர்கள் வாக்களித்தார்கள். 24 வாக்கு தேவை, 22 கிடைத்தது. கட்டுரையில் இது ஒரு முழுப் பத்தி.

*

இளவழகனார் எழுதியது:

முண்டு, அருமை. முட்டு, முண்டு இரண்டும் ஓரினம், வல்லெழுத்து மெலிந்தது. முடம், முடங்கு, முடுக்கு, முடுகு எல்லாவற்றையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். முடுகு என்றால் விரைதல், நெருங்குதல் இரண்டும். முடுகியல் என்று யாப்பிலேயே ஒரு நடை உண்டு. ஸ்கிராம்பிளுக்கு 'முடுகோட்டம்' கூடப் பொருந்தும். முடுகு ஓட்டம், வினைத்தொகை, ஒற்று மிகாது.

இன்னொன்று. குவார்ட்டர்பேக்கைச் சுற்றி முன்வரிசையார் ஐவர் அமைக்கும் காப்பு இடத்தைப் பாக்கெட் என்கிறார்களாம். பை என்று பெயர்த்துவிடாதீர்கள். அது அரண். எயில் காத்தல் நொச்சி, எயில் வளைத்தல் உழிஞை. முன்வரிசைக்கு நொச்சியார் என்றும் பாய்ந்து வருவோருக்கு உழிஞையார் என்றும் பெயரிட்டால் ஆட்டம் முழுவதையும் புறத்திணையில் எழுதிவிடலாம்.

*

மாறன் எழுதியது:

'அரண்' நல்ல சொல், எடுத்துக்கொள்ளுங்கள். நொச்சியும் உழிஞையும் இந்த இதழின் வாசகருக்குத் தாங்காது, ஐயா.

கயல், இப்போது ஆபத்துப் பகுதி, ஏனென்றால் சறுக்கும் அரணும் அங்கேதான் கூடுதலாக வரும். ஓடினால்தான் குவார்ட்டர்பேக் அடிபடுவார் என்று மொழிபெயர்ப்பு ஒலித்துவிடக் கூடாது. 2023-இல் ஆரன் ராட்ஜர்ஸ் புதிய அணிக்கு ஆடிய நான்காவது ஆட்டத்துண்டிலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார், அது சாக். 2018-இல் அலெக்ஸ் ஸ்மித்தின் கால் எலும்பு முறிந்ததும், 2022-இல் ஜாக்சனின் முழங்கால் கெட்டதும் சாக்கில்தான். அரணுக்குள் நிற்பவர் கண் தொலைவில் இருக்கும், காலை ஊன்றியிருப்பார், அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. திறந்த வெளியில் ஓடுபவருக்கு வருபவர் தெரிவார். சறுக்கலாம், பக்கக் கோட்டுக்கு வெளியே போகலாம்.

மறுபக்கமும் உண்டு. எறியும் நிலையிலிருக்கும்வரை அவருக்குத் தனிப் பாதுகாப்பு. மீறி அடித்தால் 15 கெஜத் தண்டம். பந்தோடு ஓடத் தொடங்கினால் அவர் மற்ற ஓட்டக்காரரைப் போலத்தான். 2012 டிசம்பரில் ராபர்ட் கிரிஃபின் எறியப் போய் ஓடியபோது, ஓட்டத்தின் முடிவில் வாங்கிய அடியில் முழங்கால் கெட்டது. அதே காலோடு ஆடி, அடுத்த மாதம் சியாட்டில் அணிக்கு எதிரே அந்த முழங்கால் முற்றாகப் போனது. 2023-இல் அந்தோணி ரிச்சர்ட்சனுக்குத் தோள் போனது திட்டமிட்ட ஓட்டத்தில். 2019-இல் பாட்ரிக் மஹோம்ஸின் முழங்கால் சில்லு விலகியது ஒரு கெஜ ஸ்னீக்கில். முண்டில் சறுக்கவும் இடமில்லை, ஒதுங்கவும் இடமில்லை.

ஆகவே ஓட்ட வகைக்கு ஏற்பத் தப்பிக்கும் வழியும் மாறுகிறது. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும் என்று நான் அழுத்துவது இதனால்தான்.

*

நிலா எழுதியது:

சறுக்கு சரி, ஆனால் 'சறுக்கல்' என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். பங்குச்சந்தை சறுக்கல், தேர்தலில் சறுக்கல் என்று அது தோல்விச் சொல்லாகிவிட்டது. இங்கே அது அறிந்து செய்யும் செயல்.

*

மாறன் எழுதியது:

ஆம். பெயரும் வினையும் தனியே தெரிய வேண்டும், ஏனென்றால் விதி 'சறுக்கத் தொடங்கிய இடம்' என்று பேசுகிறது. பந்து வைக்கப்படுவது அங்கேதான், உடம்பு போய் நிற்கும் இடத்தில் அல்ல. அதனால் இலக்குக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் சறுக்கினால் அந்தக் கெஜம் போச்சு. அதற்குப் பயந்து கடைசி நொடிவரை இழுத்தால், எதிராளி ஏற்கெனவே பாய்ந்திருப்பார். தவிர்க்க முடியாத மோதல் தண்டமாகாது, தலைக்கவசத்தால் முட்டுவது போல வேறு குற்றம் சேர்ந்தால் ஒழிய. ஓட்டத்தில் வரும் காயங்களில் இந்தத் தாமதச் சறுக்கைக் கட்டாயம் எழுதுங்கள்.

கால் முன்னால் போவதே சறுக்கு என்று வரையறுக்க வேண்டாம். 2018-இலிருந்து தலை முன்னால் போட்டு விழுந்தாலும் தன்னை ஒப்படைத்ததாகவே கொள்கிறார்கள்.

ரீட் ஆப்ஷனுக்குக் 'கண்டோட்டம்' வேண்டாம், பிழைதிருத்தி அதைக் கண்ணோட்டம் ஆக்கிவிடும். 'தேர்வோட்டம்' என்றால் ஓர் எழுத்து விட்டுப்போனால் தேரோட்டம். நடப்பதைச் சொல்கிறேன்: வரிசையின் ஓரத் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விடுவார்கள். அவர் உள்ளே தோழனை நோக்கித் திரும்பினால் குவார்ட்டர்பேக் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். அவர் நின்ற இடத்திலேயே நின்றால் தோழனுக்குக் கொடுப்பார். தோழன் வயிற்றில் வைத்த பந்தை இழுப்பதா விடுவதா என்று நீட்டித்தால் பந்து தரையில். ஓரத்தவர் உள்ளே திரும்புவதுபோல் காட்டி, பின்னாலிருந்து இன்னொருவர் வெளியே சுற்றி வருவது எதிரணியின் மறுவினை. பந்தை இழுத்த குவார்ட்டர்பேக் நேரே அவரிடம் போய் விழுவார். பந்தைக் கொடுத்தபின் ஓடுவதுபோல் நடித்தாலும் அவரை அடிக்கலாம். 'இருவழி ஓட்டம்' என்று வையுங்கள்.

*

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரும்பான்மை இப்படி: ஸ்கிராம்பிள் – திடீர் ஓட்டம், டிசைன்டு ரன் – திட்ட ஓட்டம், ரீட் ஆப்ஷன் – இருவழி ஓட்டம், ஸ்னீக் – முண்டு, ஸ்லைடு – சறுக்கு, பாக்கெட் – அரண். ஒரு சிக்கல்: கட்டுரையில் அட்டவணை இருக்கிறது. திடீர் ஓட்டம், திட்ட ஓட்டம் இரண்டையும் சுருக்கினால் 'தி.ஓ.' என்றே வருகிறது.

*

மாறன் எழுதியது:

திட்ட ஓட்டத்தை 'வகுத்த ஓட்டம்' ஆக்குங்கள். வ.ஓ., தி.ஓ. 'திடீர்' என்பதில் எனக்கு இன்னும் இசைவில்லை. பார்ப்பவருக்குத்தான் அது திடீர், முதுகு காட்டும் தடுப்பாளர்களைக் கவனித்து நடுக்களம் காலியாகக் காத்திருந்த குவார்ட்டர்பேக்குக்கு அல்ல. நேரம் இல்லை என்பதால் விடுகிறேன்.

*

இளவழகனார் எழுதியது:

வகுத்த ஓட்டம் ஏற்கத்தக்கது. 'திடீர்' ஒலிக்குறிப்பு, அதன்மேல் கலைச்சொல் கட்டக்கூடாது என்பதைப் பதிவுசெய்கிறேன். முடுகோட்டம் என்று வைத்தால் சுருக்கம் 'மு.ஓ.', எதனோடும் மோதாது. இன்னொரு செய்தியையும் கட்டுரையில் சேர்க்க இயலுமா, பாருங்கள். 1880-இல் வால்டர் கேம்ப் முன்னின்று கொண்டுவந்த விதிப்படி, பந்தை முதலில் வாங்குபவர் குவார்ட்டர்பேக் என்றும் அவர் பந்தோடு முன்னே ஓடக்கூடாது என்றும் இருந்தது. தடைசெய்யப்பட்ட செயலுக்கு இப்போது நாம் நான்கு பெயர் தேடுகிறோம். மூன்றாம் பத்தியில் இடம் இருந்தால் நன்று.

*

கயல்விழி எழுதியது:

ஐயா, சேர்க்கிறேன், 120 சொல் மிச்சம் இருக்கிறது. முடுகோட்டத்தை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை தருகிறேன்; இதழாசிரியர் வைப்பாரா வெட்டுவாரா என்பது அவர் கையில். 'சாக்' என்பதற்கு யாரும் தமிழ்ப் பெயர் சொல்லவில்லை. இப்போதைக்கு 'வீழ்த்தல்' என்று போட்டிருக்கிறேன், நாளை காலைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.