குமுளி மலைப்பாதையில் இரண்டு டன் சுமைக்கு எந்தப் பிக்கப் வாங்கலாம்?

சின்னமனூர் விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். சின்னமனூர், கம்பம் பகுதிகளில் வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றி, குமுளி வழியாகக் கோட்டயம் சந்தைக்குக் கொண்டு செல்லச் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்க எண்ணியுள்ளேன். மஹிந்திரா பொலிரோ மேக்ஸ் எச்.டி. 2.0, டாடா யோதா 2.0 ஆகிய இரண்டுமே இரண்டு டன் தாங்கும் என்கிறார்கள். லோயர் கேம்ப் ஏற்றத்தில் எது திணறாமல் ஏறும்? சீசன் நாட்களில் பின்னால் ஒரு சிறிய டிரெய்லரையும் மாட்டி இழுக்கலாமா?

கூடலூர் ஓட்டுநர்:
தம்பி, நீங்கள் ஏற்றத்தைக் கேட்கிறீர்கள். நான் இறக்கத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இரண்டு வண்டிகளும் சிறிய கியரில் குமுளிக்கு ஏறிவிடும். ஆனால் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை, முழுச் சுமையோடு இறங்கியாக வேண்டும். அங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், பின்சக்கர டிரம் சூடேறி லைனிங் கருகும் வாடை வரும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி பிடிக்காது. ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது சுமையோடு இறக்கத்தில் விட்டு, இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியை எந்த அளவுக்கு இழுத்துப் பிடிக்கிறது என்று கவனியுங்கள்.

நம் பக்கத்தில் வண்டி எடுத்த கையோடு பட்டறைக்குப் போய்க் பின்சக்கர ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுகிறார்கள். அதனால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்சிலும் டயரும் முன்பு இருந்தவையேதான். உயரமாகக் கிராதி கட்டினால் அதன் எடையும் அந்த இரண்டு டன்னில்தான் கழியும். கிராதி கட்டிய பின் காலி வண்டியை எடை மேடையில் நிறுத்தி, அந்த எடையை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை.

போடிமெட்டு ஏலத்தோட்டக்காரர்:
இறக்கத்தைப் பற்றி அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் எஞ்சின் விஷயத்தை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. யோதாவின் 2.2 லிட்டர் எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை) தருகிறது, பொலிரோவின் 2.5 லிட்டர் எஞ்சின் தருவது 220. கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்து, சுமையோடு நின்று மீண்டும் எடுக்கும்போது கிளட்ச் தேய்வதைக் குறைக்க இந்த வேறுபாடு உதவும். எனவே என் ஓட்டு யோதாவுக்கே. இருந்தாலும், தேனியில் யாருடைய சர்வீஸும் உதிரி பாகமும் விரைவாகக் கிடைக்கின்றன என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

டிரெய்லர் வேண்டவே வேண்டாம். வளைவில் அதன் சக்கரங்கள் வண்டியின் தடத்தைவிட உள்ளே ஒதுங்கி ஓடும். தனி பிரேக் இல்லாத டிரெய்லர், இறக்கத்தில் முன்வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். சட்டப்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனம் என்பதால் தனியாகப் பதிவும் செய்ய வேண்டும். சுமை மிகுந்த நாளில் வாடகைக்கு இன்னொரு வண்டி பிடித்துக்கொள்வதே நல்லது.

கம்பம் வண்டித் தரகர்:
ஆவணங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. நீங்கள் கேட்கும் இரண்டு டன் வண்டிகள் அந்த வரம்பைத் தாண்டுவதால், கேரளாவுக்குள் ஓட்ட நேஷனல் பர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு இலகு ரக வாகன உரிமம் போதும். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிகளையும் அதைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. கூடுதல் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. மிகைச் சுமையை இறக்கிய பிறகே வண்டியை விடுவார்கள் என்பதால், வாழைத்தார் ஏற்றுபவருக்கு அபராதத்தைவிட அந்தத் தாமதமே பெரிய இழப்பாகும்.