சாப்பில் இரண்டு பக்கமும் ஒரே பாஸ்வேர்டு இருந்தே ஆக வேண்டுமா?

கேபிள்காரன்:
நேற்று இந்த மன்றத்தின் இன்னொரு இழையில் பழையகன்சோல் ஐயா ஒரு புதியவருக்கு இப்படி எழுதியிருந்தார்: "இரண்டு ரவுட்டரிலும் பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதுதான் சாப் விதி." படித்ததும் எரிச்சலாக வந்தது. ஒரு முனை சவால் விட, மறுமுனை பாஸ்வேர்டை அனுப்பாமல் அதை வைத்துக் கணக்கிட்ட பதிலை அனுப்பித் தன்னை நிரூபிப்பதுதான் சாப் (CHAP). ஒரே பாஸ்வேர்டு என்பது அதன் விதியே இல்லை. சிஸ்கோ ரவுட்டரில் நாம் யூசர்நேம் வரி எழுதும் முறையால் வருகிற கட்டாயம், அவ்வளவுதான்.

கிழக்கு, மேற்கு என்று இரண்டு ரவுட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் 'யூசர்நேம் மேற்கு பாஸ்வேர்டு இன்னது' என்று எழுதுகிறோம். மேற்கு அனுப்பும் பதிலைச் சரிபார்க்க கிழக்கு அந்த வரியைப் பார்க்கிறது. மேற்கு விடும் சவாலுக்குப் பதில் தயாரிக்கவும் அதே வரியைத்தான் பார்க்கிறது. ஒரே வரி இரண்டு வேலை செய்வதால் பாஸ்வேர்டும் ஒன்றாகிவிடுகிறது. சாப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 1994 என்ற ஆவணம் சொல்வது இதற்கு நேர்மாறு: இரண்டு திசைக்கும் ஒரே ரகசியம் வைக்க வேண்டாம் என்கிறது. வைத்தால், நாம் விட்ட சவாலையே ஒரு திருடன் நமக்குத் திருப்பி அனுப்பி, நாமே கணக்குப் போட்டுக் கொடுக்கும் பதிலை நம்மிடமே நீட்டி உள்ளே வந்துவிடலாம்.

பழையகன்சோல்:
பெயர் சொல்லி இழுத்துவிட்டீர்கள், வருகிறேன். 22 வருடமாக லீஸ்டு லைனில் (வாடகைத் தனி இணைப்பில்) கை வைக்கிறவன் நான். கிழக்கில் ஒரு பாஸ்வேர்டு, மேற்கில் வேறு பாஸ்வேர்டு போட்டுப் பாருங்கள். லிங்க் ஏறுமா? ஏறாது. டீபக் (பிழை தேடும் கட்டளை) போட்டால் ஒப்பீடு தோற்றது என்று அதுவே சொல்லும். 1994-இல் எழுதிய காகிதத்தைக் காட்டி வேலை செய்கிறவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கேபிள்காரன்:
1994 என்பது ஆவண எண், ஐயா. அது வெளிவந்தது 1996 ஆகஸ்டில். படிக்காமலே பேசுகிறீர்கள் என்று இதிலேயே தெரிகிறது.

பழையகன்சோல்:
எண்ணில் பிழை பிடிக்கிற ஆளுக்குக் கேள்விக்குப் பதில் வராது. திரும்பக் கேட்கிறேன்: வேறு வேறு பாஸ்வேர்டு போட்டால் லிங்க் ஏறுமா, ஏறாதா?

பொட்டிதட்டி:
ஏறும். என் இரண்டு ரவுட்டரிலும் வேறு வேறுதான் இருக்கிறது. இப்போதுதான் கான்ஃபிக் (ரவுட்டரின் அமைப்பு வரிகள்) எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் 'பாஸ்வேர்டு 7' என்று 04-இல் தொடங்குகிறது, மற்றதில் 12-இல் தொடங்குகிறது. லிங்க் ஒரு வருடமாக ஓடுகிறது.

நூல்கண்டு:
பொட்டிதட்டி, அது பாஸ்வேர்டு அல்ல, மறைத்து எழுதிய வடிவம். வகை 7-இல் முதல் இரண்டு இலக்கம் எந்த இடத்திலிருந்து மறைக்கத் தொடங்கியது என்பதைச் சொல்கிறது. ஒரே பாஸ்வேர்டை இரண்டு முறை அடித்தாலும் இரண்டு விதமாக வரும். அதை வைத்து வேறு வேறு என்று சொல்ல முடியாது.

பழையகன்சோல்:
பார்த்தீர்களா, கேபிள்காரன்? உங்கள் பக்கத்துச் சாட்சியும் விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கேபிள்காரன்:
அவரை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. லினக்ஸில் பிபிபி (இரண்டு முனையை நேரடியாக இணைக்கும் நெறிமுறை) இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலை ஓட்டிப் பாருங்கள். அதன் சாப்-சீக்ரெட்ஸ் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் முதல் இடத்தில் தன்னை நிரூபிக்கிறவர் பெயர், இரண்டாவதில் கேட்கிறவர் பெயர், மூன்றாவதில் ரகசியம். கிழக்கு மேற்கிடம் நிரூபிக்க ஒரு வரி, மேற்கு கிழக்கிடம் நிரூபிக்க இன்னொரு வரி. இரண்டிலும் வேறு வேறு ரகசியம் எழுதுங்கள், லிங்க் ஏறும். நெறிமுறை தடுக்கவில்லை, உங்கள் பெட்டி தடுக்கிறது.

பழையகன்சோல்:
லினக்ஸ் பெட்டி ரவுட்டரா? நாம் பேசுவது ரவுட்டரைப் பற்றி.

நூல்கண்டு:
பாக்கெட்டை ஒரு இடைமுகத்தில் வாங்கி இன்னொன்றில் அனுப்பினால் அது ரவுட்டர்தான். மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தால் என்ன?

பழையகன்சோல்:
அப்படியென்றால் என் மடிக்கணினியும் ரவுட்டர்தான். இனி டேட்டா சென்டரில் மடிக்கணினியை அடுக்கி வையுங்கள்.

வைகறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் ஆய்வகப் பயிற்சியில் சீரியல் இடைமுகம் அப், லைன் புரோட்டோகால் டவுன் என்று நிற்கிறது, அதாவது கம்பி சேர்ந்தும் இணைப்பு ஏறவில்லை. இரண்டு பக்கமும் 'என்காப்சுலேஷன் பிபிபி' இருக்கிறது. பாஸ்வேர்டும் ஒன்றுதான். 'யூசர்நேம் மேற்கு சீக்ரெட்' என்று எழுதினேன். எங்கே தவறு?

நூல்கண்டு:
'சீக்ரெட்' தான் தவறு. அப்படி எழுதினால் ரவுட்டர் ஒருவழி ஹாஷாக மட்டும் சேமிக்கும், மூலச் சொல் திரும்பக் கிடைக்காது. சாப் பதிலுக்கு அடையாள எண், ரகசியம், சவால் மூன்றையும் சேர்த்து எம்டி5 என்ற ஹாஷ் கணக்குப் போட வேண்டும். மூலச் சொல் கையில் இல்லாமல் எப்படிப் போடுவது? 'பாஸ்வேர்டு' என்று மாற்றுங்கள். அப்புறம் ஹோஸ்ட்நேமில் (ரவுட்டரின் பெயரில்) பெரிய எழுத்து, சின்ன எழுத்து சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொட்டிதட்டி:
அந்த 'பாஸ்வேர்டு 7'-ஐ யார் வேண்டுமானாலும் நொடியில் அவிழ்த்துவிடலாமே. அப்புறம் எதற்கு இந்தப் பாதுகாப்பு?

நூல்கண்டு:
கான்ஃபிக்கைப் பார்க்கிறவனிடமிருந்து காப்பது வேறு, லைனில் ஒட்டுக்கேட்கிறவனிடமிருந்து காப்பது வேறு. பாப் (PAP) என்ற இன்னொரு சரிபார்ப்பு முறையில் பாஸ்வேர்டே லைனில் அப்படியே போகிறது. சாப்பில் போவதில்லை.

பழையகன்சோல்:
வைகறை, நான் சொல்வதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை இரவு முழுக்க ஒரு லிங்க் ஏறாமல் படுத்தியது. விடியற்காலையில்தான் கண்டுபிடித்தேன்: ஒரு பக்கம் பாஸ்வேர்டின் முடிவில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வெற்றிடமும் பாஸ்வேர்டில் சேர்த்திதான். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அந்த இரவால்தான். கேபிள்காரனுக்கு அப்படி ஓர் இரவு வாய்த்ததில்லை.

கேபிள்காரன்:
எனக்கு எத்தனை இரவு வாய்த்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சரி, அது இருக்கட்டும். ஒரு திசைக்குள் கேட்கிறவரிடமும் சொல்கிறவரிடமும் ரகசியம் ஒன்றாக இருக்க வேண்டும், அதை யார் மறுத்தது? இரண்டு திசைக்கும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். சிஸ்கோவிலேயே சரிபார்க்கும் வேலையை ரேடியஸ் என்ற தனிச் சரிபார்ப்பு சர்வரிடம் கொடுத்துவிட்டு, இடைமுகத்தில் 'பிபிபி சாப் பாஸ்வேர்டு' எழுதினால் போகும் திசைக்கு ஒன்று, வரும் திசைக்கு ஒன்று வைக்கலாம்.

பழையகன்சோல்:
"ஒன்றாக இருக்க வேண்டும், அதை யார் மறுத்தது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதைத்தானே நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்? அப்புறம், அதே ஆர்எஃப்சியில் ஒரே ரகசியத் தொகுப்பை வைத்து இரு பக்கமும் சரிபார்த்துக்கொள்வது எளிது என்று நன்மைகளில் போட்டிருக்கிறது. அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கேபிள்காரன்:
"வைக்கலாம்" என்பதும் "வைத்தே ஆக வேண்டும்" என்பதும் ஒன்றா? போன மாதமும் இதே கதைதான். சீரியல் லைனின் வேகத்தைச் சொல்லும் கிளாக் ரேட் வரியை இரண்டு முனையிலும் எழுத வேண்டும் என்று சாதித்தீர்கள். கடிகாரத் துடிப்பைக் கொடுக்கும் டிசிஇ முனையில் மட்டும் எழுதினால் போதும் என்று நான்கு பேர் காட்டியதும் இழையை விட்டே போய்விட்டீர்கள். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை.

பழையகன்சோல்:
அன்று எனக்கு வேலை இருந்தது. உங்களைப் போல நாள் முழுக்க இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. பேச்சை மாற்ற வேண்டாம். யூசர்நேம் வரி மட்டும் வைத்து, ரேடியஸ் இல்லாமல், லினக்ஸ் இல்லாமல், வேறு வேறு பாஸ்வேர்டில் இரண்டு சிஸ்கோ ரவுட்டரை ஏற்றிக் காட்டுங்கள்.

வைகறை:
'பாஸ்வேர்டு' என்று மாற்றியதும் லைன் புரோட்டோகால் அப் ஆகிவிட்டது. நன்றி, நூல்கண்டு.

பழையகன்சோல்:
ஏறியதல்லவா? இரண்டு பக்கமும் ஒரே பாஸ்வேர்டு போட்டதால் ஏறியது.

கேபிள்காரன்:
அவருக்குப் பாஸ்வேர்டு முதலிலிருந்தே ஒன்றுதான்! 'சீக்ரெட்'டை எடுத்ததால் ஏறியது. இதைக்கூட மேலே போய்ப் படிக்காமல் எழுதுகிறீர்கள். ரேடியஸ் இல்லாமல், லினக்ஸ் இல்லாமல் என்று உங்கள் வரியை மட்டும் விட்டுவைத்து, அது பொருந்தும் இடத்தில் மட்டும் விதி என்கிறீர்கள். நான் கேட்டது சாப் விதியைப் பற்றி. ஒரே ரகசியம் கட்டாயம் என்று ஆர்எஃப்சியில் எந்தப் பத்தியில் இருக்கிறது? பத்தி எண்ணைப் போடுங்கள்.

பழையகன்சோல்:
நீங்கள் முதலில் லிங்க்கை ஏற்றிக் காட்டுங்கள். அப்புறம் பத்தி எண் தருகிறேன்.